அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறு, குறு தொழில் சங்கங்களின் செயற்குழுவினருக்கு,



2025 செப்டம்பர் 11ஆம் தேதி தமிழக அரசின் 'டி.என். ரைசிங்' முதலீட்டாளர் மாநாடு ஓசூரில் நடந்தது. ஆகஸ்டில் தூத்துக்குடியில் நடந்ததன் தொடர்ச்சி அது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முன்னிலையில் 92 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 24,307 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிப்பு வந்தது. ஒப்பந்தங்களில் எத்தனை ஆலையாக எழும்பும் என்பது வேறு கதை. ஒரு முதலமைச்சர், அவருடைய பாதுகாப்பு, பெருநிறுவன அதிகாரிகள், பத்திரிகையாளர், மதியச் சாப்பாடு ஆகிய அத்தனையையும் இந்த ஊர் ஒரே நாளில் தாங்கியது என்பது மட்டும் நிச்சயம்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 120 பேர் கூடும் டீலர் கூட்டத்துக்கும் தரப் பயிற்சிக்கும் பெங்களூருவில் அரங்கு தேடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அழைப்பிதழில் பெங்களூரு நட்சத்திர ஓட்டலின் பெயர் இருந்தால் ஒரு கெத்து என்று நினைப்பவர்கள் செயற்குழுக்களில் இருக்கிறார்கள். இன்னொரு சாரார், ஊரை விட்டு விலகித் தளிப் பக்கம் ஏதாவது ரிசார்ட்டுக்குப் போய்விடலாம் என்பார்கள். இரண்டு கட்சியும் ஓட்டலின் படத்தைப் பார்த்துப் பேசுகின்றன. கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பேசினால் விடை பெரும்பாலும் ஓசூர் பேருந்து நிலையத்துக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைத்துவிடும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஆள் கணக்கு. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் காலையில் எங்கிருந்து கிளம்புவார் என்று எழுதினால் போதும். சிப்காட் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மத்திகிரி, பாகலூர் சாலை, சூளகிரி என்றுதான் பெரும்பாலும் வரும். இவர்களில் கணிசமானோர் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் மாதிரியான பெரிய ஆலைகளுக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ ஜாப் ஒர்க் செய்பவர்கள். பத்துப் பதினைந்து ஆட்கள், இரண்டு சி.என்.சி., ஒரு வி.எம்.சி. என்று ஷாப் வைத்திருப்பவருக்கு முதலாளியும் அவர்தான், தர ஆய்வாளரும் அவர்தான், பில் போடுபவரும் அவர்தான். பெங்களூரு எம்.ஜி. ரோடு ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, சில்க் போர்டு சந்திப்பு இருக்கிறதே, அங்கே கிலோமீட்டருக்கு மதிப்பில்லை. காலை 10 மணிக் கூட்டத்துக்கு 7 மணிக்குக் கிளம்பி, இரவு 8 மணிக்கு வீடு திரும்பும் ஆள் ஷாப்பை ஒரு நாள் முழுக்கப் பூட்டியதற்குச் சமம். ஊருக்குள் கூட்டம் என்றால், 'லைன் நிற்கிறது, உடனே பீஸ் அனுப்புங்கள்' என்று வாடிக்கையாளர் ஆலையிலிருந்து போன் வந்தாலும், தேநீர் இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அரங்க வாடகையில் பத்தாயிரம் குறைத்துப் பேசியதைப் பெருமையாகச் சொல்லும் செயலாளர்கள், இந்த 120 பகல்களுக்கு விலை போட்டுப் பார்ப்பதில்லை.

ஆண்டுப் பொதுக்குழு என்றால் விருப்பத்துக்கு இடமே குறைவு. நிறுவனச் சட்டம் 2013இன் 96ஆம் பிரிவு, பொதுக்குழுவைப் பதிவு அலுவலகத்திலோ, அந்த அலுவலகம் இருக்கும் அதே ஊருக்குள் வேறோர் இடத்திலோ, வேலை நேரத்தில், காலை 9 முதல் மாலை 6க்குள் கூட்டச் சொல்கிறது. பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் வேறு ஊருக்குப் போகலாம். ஆனால் எல்லா உறுப்பினர்களும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது. இதற்குக் கண்முன்னே இருக்கும் பெரிய உதாரணம் டைட்டன். டாடா குழுமமும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாக அலுவலகம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது. பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில். அதனால் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில், நாட்டின் பெரிய நகைக் கடைத் தொடரை நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஓசூருக்கு வந்துதான் பொதுக்குழுவில் உட்கார்ந்தார்கள். எல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குக் கூட்டம் வந்தது. நம் சங்கங்களில் பல, சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அவற்றுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. கம்பெனியாகப் பதிவான அமைப்புகளும் உறுப்பினர்களின் தனியார் நிறுவனங்களும் மட்டும் கவனிக்க வேண்டியது இது.

அடுத்தது வரி. ஆடிட்டர்கள் எச்சரித்தும் பலர் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம்.

ஜி.எஸ்.டி.யில் 'எங்கே வழங்கப்பட்ட சேவை' என்ற கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓட்டல் அறை, கூட்ட அரங்கு போன்ற கட்டடம் சார்ந்த சேவைகளுக்கு, கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுவே வழங்கும் இடம் என்று ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஓசூர் நிறுவனம் பெங்களூரு ஓட்டலில் ஒரு லட்ச ரூபாய் வாடகைக்கு அரங்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் வரி, அதாவது 18,000 ரூபாய். அதில் 9,000 மத்திய ஜி.எஸ்.டி., 9,000 கர்நாடக மாநில ஜி.எஸ்.டி. 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண் வைத்திருப்பவர் இந்த இரண்டில் எதையும் உள்ளீட்டு வரவாகக் கழிக்க முடியாது. 29 என்று தொடங்கும் கர்நாடக எண் இருந்தால்தான் முடியும். 18,000 போனது போனதுதான். அதே அரங்கை ஓசூரில் எடுத்து, பில்லில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணை எழுத வைத்தால் அந்தத் தொகை அடுத்த மாதக் கணக்கில் வரவாகிறது. ஓட்டலுக்கும் நமக்கும் நடுவில் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஒன்று வந்து மொத்த மாநாட்டையும் நடத்திக் கொடுத்தால் கணக்கு மாறக்கூடும். அதை ஆடிட்டரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை. சங்கத்துக்கே ஜி.எஸ்.டி. பதிவு இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதும் உண்மை.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னொரு நுட்பம். உணவுக்குக் கட்டும் வரியைப் பொதுவாக எந்த மாநிலத்திலும் வரவாகக் கழிக்க முடியாது. ஆகவே 'தலைக்கு இவ்வளவு, அரங்கு இலவசம்' என்று ஓட்டல்காரர் கவர்ச்சியாகச் சொல்லும்போது, வாடகையும் சாப்பாட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது, கழிக்கக்கூடிய வரியும் அதோடு மறைந்துவிடுகிறது. அரங்கு தனியாக, உணவு தனியாகப் பில் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தவிர, 7,500 ரூபாய்க்கு மேல் அறை விற்கும் ஓட்டல்களில் சாப்பாட்டுக்குப் பொதுவாக 18 சதவீதம், மற்றவற்றில் 5 சதவீதம். ஊர் நடுவில் இருக்கும் நடுத்தர ஓட்டல்கள் இங்கே ஓசைப்படாமல் ஜெயிக்கின்றன. தங்கும் அறைக்கும் 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரை வரி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

எல்லையைப் பற்றி ஓசூர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மறந்துபோவதைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி, காவிரித் தீர்ப்பையொட்டிப் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் கொத்தாக எரிந்தன. தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையின் இந்தப் பக்கம், ஜூஜூவாடியோடு நின்றன. மக்கள் பெட்டியைத் தலையில் வைத்து, குழந்தையை இடுப்பில் வைத்து, அந்தப் பக்கத்து அத்திப்பள்ளி வரை நடந்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடியும்: 26ஆம் தேதி பெங்களூரு பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த். கன்னட அமைப்புத் தலைவர் வாட்டாள் நாகராஜ் அத்திப்பள்ளி எல்லைக்குப் போராட வருவது இரு பக்கத்துப் போலீசுக்கும் பழகிப்போன நிகழ்ச்சி. கொரோனாக் காலத்தில் இதே எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள். பல பந்த்கள் சில நாள் முன்னரே அறிவிக்கப்பட்டுவிடுகின்றன. அதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் போயிருக்கும், வெளியூர் விருந்தினர் டிக்கெட் எடுத்திருப்பார்கள், 150 பேருக்குச் சாப்பாடு சொல்லியாகியிருக்கும்.

அமைதியான நாளிலும் எல்லை காசு கேட்கிறது. உறுப்பினர்களை ஏற்றிப் போகத் தமிழ்நாட்டு உரிமம் மட்டும் உள்ள வாடகை வேனைப் பிடித்தால், கர்நாடகத்துக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கு இன்னொரு கட்டணம். வேன்காரர் இதையெல்லாம் வாடகையில் சேர்த்துத்தான் சொல்வார். வழியில் போலீசார் நிறுத்திக் காகிதம் கேட்கும் நேரத்தை யாரும் வாடகையில் சேர்ப்பதில்லை.

பெங்களூருவுக்குப் போகவே கூடாது என்று இந்த மடல் சொல்லவில்லை. சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். இயந்திரக் கண்காட்சியான இம்டெக்ஸ் நடப்பது துமகூரு சாலை மாதாவரத்தில். லேத் ஓட்டும் யாரும் அதைத் தவறவிட மாட்டார்கள். 2024 நவம்பரில் பெங்களூரு மெட்ரோவின் பச்சை வழித்தடம் மாதாவரம் வரை நீண்டது, 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை திறந்தது. ஆர்.வி. ரோடு நிலையத்தில் ரயில் மாறினால், பொம்மசந்திராவில் வண்டியை விட்டுவிட்டுச் சில்க் போர்டு நெரிசலைத் தலைக்கு மேலே தாண்டிவிடலாம். தனித்தனியாகப் போகிறவருக்கு இது நல்ல செய்தி. நூறு பேரைக் குறித்த நேரத்துக்கு ஓர் அரங்கில் உட்கார வைக்க நினைக்கும் செயலாளருக்கு, மெட்ரோ எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது என்பதுதான் செய்தி. கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் விமானத்தில் வருகிறார்கள் என்றால் பெங்களூருவே சரி. கெம்பேகவுடா விமான நிலையம் நகரத்தின் வடக்கு முனையில், ஓசூர் தெற்கு முனைக்கும் அப்பால். ஓசூருக்கென்று தனி விமான நிலையம் 2,000 ஏக்கரில் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கெம்பேகவுடா நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை போட்டி நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் இருப்பதால், அதை நம்பி அடுத்த டீலர் கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

ரிசார்ட் கட்சிக்கு ஒரே ஒரு வார்த்தை: யானை. மழை ஓய்ந்த மாதங்களில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகத் தளி, ஜவளகிரி, சானமாவு காடுகளுக்கு யானைகள் வருகின்றன. ராகி வயலில் மேய்ந்து, சாலையைக் கடந்து, விடியும் முன் காட்டுக்குத் திரும்புகின்றன. வனத்துறை ஊர் ஊராக எச்சரிக்கை விடும் காலத்தில், விருந்து முடிந்து இரவு 11 மணிக்கு இரு சக்கர வண்டியில் கிளம்பும் உறுப்பினரை அந்தச் சாலையில் அனுப்பும் பொறுப்பை எந்தச் செயற்குழு ஏற்கும்? இரவு தங்கி மறுநாள் கலையும் சிறிய குழுவுக்கு ரிசார்ட் சரி. பகலில் கூடி மாலையில் கலையும் பெரிய கூட்டத்துக்குச் சரிப்படாது.

ஆக, ஊருக்குள். ஊருக்குள் என்றால் எங்கே?

ஓசூருக்கு நடு என்பது இரண்டு. பழைய ஊரின் நடு, காந்தி சிலை, எம்.ஜி. ரோடு, தாலுகா அலுவலகம் இருக்கும் பகுதி. தொழில்காரர்களின் நடு, பேருந்து நிலையத்திலிருந்து தர்கா, சிப்காட் நோக்கி நெடுஞ்சாலையோடு நீளும் பகுதி. முதலாவதில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. நாற்பது கார் வந்தால் நாற்பதும் தெருவில்தான் நிற்கும். இரண்டாவதில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டும். இந்த மடல் எழுதுபவரின் கட்சி, பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், சர்வீஸ் ரோட்டில் வாசல் உள்ள ஓட்டல். காரில் வருபவர் நெடுஞ்சாலையிலிருந்து நேராக இறங்கிவிடுவார். பயிற்சிக்கு வரும் ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்துவிடுவார்கள். அவர்களுக்கு யாரும் வேன் அமர்த்த வேண்டியதில்லை. கோவை, சேலத்திலிருந்து வரும் பேச்சாளருக்கு ரயில் வசதி: கோவை–பெங்களூரு வந்தே பாரத் ஓசூரில் நிற்கிறது. பெங்களூருவில் கூட்டம் வைத்தால் அவர் ஓசூரைக் கடந்து போய், மறுபடி நம் ஆட்களோடு பேசுவார்.

தேதி குறிக்கும்போது சிப்காட் காலண்டரோடு ஊர்க் காலண்டரையும் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் மார்ச்சில் வரும் சந்திரசூடேஸ்வரர் தேரோட்டத்தன்று ஊருக்குள் வண்டி நகராது.

முகூர்த்தக் கணக்கு அதைவிடச் சிக்கலானது. ஓட்டல்களின் பெரிய அரங்குகள் பிழைப்பதே கல்யாண வரவேற்பில்தான். மற்ற ஊர்களில் ஆடி முழுக்க அரங்கு காலி, வாடகையைக் குறைத்துப் பேசலாம். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் அமாவாசைக் கணக்கில் மாதம் பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஆஷாடம் தமிழ் ஆனியின் பிற்பகுதியிலேயே தொடங்கி, பெரும்பாலான ஆண்டுகளில் ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். அமாவாசைக்கு மறுநாள் சிராவணம் பிறக்கும், கல்யாணமும் தொடங்கிவிடும். தமிழருக்கு அப்போது ஆடி இன்னும் மிச்சம். ஆக, இங்கே உண்மையிலேயே ஓய்ந்திருக்கும் காலம் ஆடியின் முற்பகுதி, பிறகு மார்கழி. அந்த நாட்களில் பேசினால் வாடகை இறங்கும், கூடவே மேடை அலங்காரமும் ஒலிபெருக்கியும் சும்மா கிடைக்கும். இன்னொன்று: முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அரங்கு எடுத்தால், மாலை வரவேற்புக்காகப் பூ அலங்காரம் செய்பவர்கள் மதியம் 2 மணிக்கே ஏணியோடு வந்து நிற்பார்கள். 'மாலை 5 வரை' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், கடைசிப் பேச்சாளர் ஆணி அடிக்கும் சத்தத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

அரங்கைப் பார்க்கப் போகிறவர்கள் டேப் கொண்டு போகலாம்; மைக்ரான் கணக்கில் அளந்து பழகியவர்கள், அரங்கு விஷயத்தில் மட்டும் கண்ணளவை நம்புவது வேடிக்கை. ஓட்டல் அட்டையில் '300 பேர்' என்று போட்டிருப்பது நாற்காலியை நெருக்கி வரிசையாகப் போடும் கணக்கு. அதற்கு ஆளுக்கு 8 முதல் 10 சதுர அடி போதும். மேசை போட்டு, குறிப்பெழுத வைத்தால் 15 சதுர அடிக்கு மேல் வேண்டும். வட்ட மேசைக்கு இரண்டுக்கும் நடுவில். அதாவது பயிற்சி வகுப்புக்கு அந்த அரங்கு 150 பேருக்குத்தான். மேடை, திரை, தேநீர் மேசை இன்னும் கொஞ்சம் தின்னும். அரங்கின் நடுவில் தூண் இருந்தால் அதன் பின்னால் உட்காருபவர் தூங்கத்தான் செய்வார். மேற்கூரை தாழ்வாக இருந்தால் திரையின் கீழ்ப்பாதியை முன்வரிசைத் தலைகள் மறைக்கும். வரைபடமும் அட்டவணையும் காட்டும் கூட்டத்துக்கு அது ஆகாது.

மின்சாரத்துக்கு இரண்டு கேள்விகள். கூட்ட நாளில் அந்தப் பகுதித் துணைமின் நிலையத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா? இருந்தால் காலை 9க்குப் போகும் கரண்ட் மாலைதான் வரும். இரண்டாவது, ஓட்டலின் ஜெனரேட்டர் ஏ.சி.யையும் தூக்குமா, விளக்கையும் மின்விசிறியையும் மட்டுமா? 'ஜெனரேட்டர் இருக்கு சார்' என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால், வெள்ளைக்காரன் 'குட்டி இங்கிலாந்து' என்று சொன்ன ஊர் என்பதால், ஜன்னலைத் திறந்துவிட்டால் சமாளிக்கலாம் என்பார் மேலாளர். இப்போதைய அரங்குகளில் திறக்கும் ஜன்னல் எங்கே இருக்கிறது?

அந்த ஜன்னல் விஷயத்தைச் சிரித்துக் கடந்துபோக முடியாது. 2010 பிப்ரவரி 23ஆம் தேதி பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள். புகை மேல் தளங்களை நிரப்ப, வழி தெரியாமல் ஜன்னலிலிருந்து குதித்தவர்களும் அவர்களில் உண்டு. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக் ஓட்டல் ஒன்றில் விடியற்காலைத் தீயில் 17 பேர் இறந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்தால் அவசர வழியில் அடுக்கிய பெட்டியை நகர்த்தத் தெரிந்தவர்கள்தான் நீங்கள். அதே கண்ணோடு ஓட்டலின் இரண்டாவது படிக்கட்டை ஒரு முறை இறங்கிப் பாருங்கள். பல இடங்களில் அங்கே அடுக்கிய நாற்காலியும் பழைய மெத்தையும் இருக்கும், கதவில் பூட்டு தொங்கும். அப்படிப்பட்ட அரங்கை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் கூச்சம் எதற்கு? சக்கர நாற்காலியில் வருபவருக்கு லிப்ட் அரங்கு வாசல் வரை போகிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம். சில ஓட்டல்களில் லிப்ட் அறைத் தளங்களுக்கு மட்டும் போகும், அரங்குக்குப் பத்துப் படி ஏற வேண்டும்.

வெளிநாட்டு நிபுணர் வந்து தங்குவதானால், அந்த ஓட்டல் வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை ஆன்லைனில் பதிகிறதா என்று முன்பே விசாரிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது ஓட்டலின் கடமை. அந்தப் பதிவு இல்லாத லாட்ஜுகள் இரவு 10 மணிக்கு, விருந்தினர் பெட்டியோடு நிற்கும்போது, 'பாரினர் எடுக்கறதில்ல' என்று கையை விரிக்கும்.

மதுவைப் பற்றி யாரும் செயற்குழுவில் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் டீலர் கூட்டம் எல்லை தாண்டுவதற்குச் சொல்லப்படாத காரணம் பல சமயம் அதுதான். தமிழ்நாட்டில் உரிமம் உள்ள ஓட்டல் பாருக்கு வெளியே, அரங்கில் பரிமாற வேண்டுமென்றால் தனி உரிமம் தேவை. 2023இல் மாநாட்டு மையம், விளையாட்டரங்கு, திருமண மண்டபங்களில் விருந்தினருக்குப் பரிமாறச் சிறப்பு உரிமம் தர அரசு விதி கொண்டுவந்தது; எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள். மது அவசியம் என்று நினைக்கும் நிறுவனம் ஓட்டலின் உரிமத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது இல்லாமலும் டீலர்கள் ஆர்டர் கொடுப்பார்கள் என்று நம்பும் நிறுவனமும் உண்டு. சாப்பாட்டைப் பொறுத்தவரை, சமையல்காரரின் கைத்திறன் வட இந்திய வகைகளில்தான் தெரியும் என்று எண்ண வேண்டாம். ஒரு ஓரத்தில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தால் அந்த மேசைதான் முதலில் காலியாகும்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் இதுவரை படித்துவிட்டு, எல்லாம் ஓசூர் புராணமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கலாம். நியாயம்தான். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான ஊரில் ரயில் நிலையம் இல்லை. ஆனால் சாலைக்குப் பஞ்சமே இல்லை: பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எல்லாத் திசைக்கும் வழி பிரிவது இங்கேதான். பர்கூர், போச்சம்பள்ளி, குருபரப்பள்ளி ஆலைகளின் ஆட்கள் ஓசூருக்குப் போவதை விடக் கிருஷ்ணகிரிக்கு எளிதில் வருவார்கள். மாங்கூழ் ஆலைகள், கிரானைட் தொழில் சார்ந்த கூட்டங்களுக்கும், வேலூர், திருப்பத்தூர், சேலத்திலிருந்து ஆள் வரும் மண்டலக் கூட்டங்களுக்கும் கிருஷ்ணகிரிதான் நடு. 50 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் இருப்பது போட்டிக்குக் காரணமாக வேண்டியதில்லை. உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக் கூட்டத்தை மாற்றி மாற்றி வைக்கலாம்.

கடைசியாக ஒப்பந்தம். வாய்ப்பேச்சும் முன்பண ரசீதும் போதாது. குறைந்தபட்சம் எத்தனை சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், அந்த எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு வரை குறைக்கலாம், தேதியை மாற்றினால் முன்பணம் என்ன ஆகும், பந்த் அறிவிக்கப்பட்டால் கட்டணமின்றி வேறு தேதி தருவார்களா, அரங்கு எத்தனை மணிக்கு நம் கைக்கு வரும், எத்தனை மணிக்கு விட வேண்டும், இவை ஆறும் தாளில் வர வேண்டும். ஒரு சங்கம் தனியாகக் கேட்டால் ஓட்டல் யோசிக்கும். ஓசூர் சிறு, குறு தொழில் சங்கமான ஹோஸ்டியா உள்ளிட்ட வட்டாரச் சங்கங்கள் எல்லாம் ஆண்டுக்கு நடத்தும் கூட்டங்களைச் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொண்டு போய், ஊரில் நான்கைந்து ஓட்டல்களிடம் ஆண்டு விலை கேட்டால், மறுக்க மாட்டார்கள். முகூர்த்தம் இல்லாத வார நாட்களை நிரப்ப அவர்களுக்கும் வேறு வழியில்லை.

கோவையில் கொடிசியா 1969இல் சிறு தொழில்காரர்கள் சங்கமாகத் தொடங்கி, பின்னாளில் சொந்தமாகக் கண்காட்சி வளாகமே கட்டியது. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது அங்கேதான். ஓசூரில் அப்படியொரு வளாகம் வேண்டும் என்ற பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். அடுத்த ஆண்டுக்கான கூட்டத் தேதிகளை எல்லாச் சங்கங்களும் மார்கழிக்குள் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஓட்டல்களில் ஏறி இறங்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தால் போதும். அதில் ஒருவர் ஆடிட்டராக இருக்கட்டும். இன்னொருவர், இரண்டாவது படிக்கட்டை இறங்கிப் பார்க்க முழங்கால் ஒத்துழைப்பவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓசூர் வட்டாரத் தொழிலைக் கவனித்து எழுதும் ஒருவர்